துணி சுற்றிய இரண்டு மணிகள்

அண்ணா,

பரணிலிருந்து பையை இறக்கும்போது கை தவறிவிட்டது. தரையில் விழுந்தும் உள்ளே இருந்த மணிகள் சத்தம் போடவில்லை. தூண்டில் கழியின் நுனியில் கட்டலாம், மீன் இழுத்தால் இருட்டிலும் தெரியும் என்று விழுப்புரம் சந்தையில் ஆட்டுக்குட்டிக் கழுத்தில் கட்டுகிற மணிகளாகப் பார்த்து இரண்டு வாங்கி வந்தாயே, அவைதான். பஸ்ஸில் போகும்போது அடித்து மானத்தை வாங்கும் என்று இரண்டின் நாக்கிலும் பழைய பனியன் துணியைச் சுற்றி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறாய். ஜிப்பைத் திறந்தேன். மீன் தீனிக்கு வைத்திருந்த மல்லாட்டைப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்குதான், ஒரு வருஷம் கிடந்து சிக்கு வாடை அடித்தது. கொஞ்சம் வண்டு, கொஞ்சம் தூள். அந்த வாடையோடு நீயும் எழுந்து வந்து எதிரே குந்திக்கொண்டாய்.

இன்றைக்கு அமாவாசை. சாயங்காலம் நான் வீடூர் அணைக்குப் போகிறேன். ராத்திரி தங்கப் போகிறேன். புதுப் புண்ணாக்கை வாளியில் ஊறப் போட்டிருக்கிறேன், அது ஊறி முடிய மதியம் தாண்டும். அதுவரை கைக்கு வேலை இல்லை. ஆகவே உனக்கு எழுதுகிறேன். செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது வழக்கம். உன் கருமாதியில் நம் பங்காளிகள் அதைக் குறைவில்லாமல் செய்துவிட்டார்கள். என்னிடமிருந்து அதை எதிர்பார்க்காதே.

நீ என்னைக் கூப்பிட்ட நாள் நினைவிருக்கிறது. வகுப்பை முடித்துவிட்டுத் துறை அறையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவனை என் தலைக்கு மேல் துறைத் தலைவராக்கியிருந்தார்கள். அவன் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தேன். இன்றும் அப்படித்தான் போட்டிருக்கிறேன். செல்போன் அடித்தது. தெரியாத எண்.

"டேய், நான்தான்டா."

இருபது வருஷத்தில் கல்யாண வீடுகளிலும் சாவு வீடுகளிலும் தூரத்திலிருந்து மட்டும் கேட்ட குரல்.

"ரிட்டையர்டு ஆயி வூட்லயே குந்திகினு இருக்கறது பேஜாரா இருக்குதுடா. டிப்போவுல இருக்கும்போது எப்பதான் வுடுவாங்களோன்னு இருந்துச்சு. இப்போ டயரு வாடைகூட இல்லாம தூக்கமே வரல. ராத்திரி தங்கி மீன் புடிக்கப் போலாமா? சின்ன வயசுல கேட்டுகினே இருப்பியே."

"இப்ப இன்னாத்துக்கு?"

"இப்ப யாரு திட்டப் போறா? அம்மாதான் இல்லியே."

அம்மா என்கிற சொல்லை அவ்வளவு சாதாரணமாக, தீர்ந்துபோன தீப்பெட்டியைச் சொல்வதுபோலச் சொன்னாய். காதில் வைத்திருந்த போனைச் சுவரில் எறியலாம்போல இருந்தது. ஆனால், "எப்போ போலாம்?" என்றுதான் கேட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

நான் ஸ்டெல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது அம்மா, "எனக்கு ஒரே புள்ளைதான்னு நெனச்சிக்கிறேன்" என்றாள். நீ பக்கத்தில் நின்றாய், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் அம்மாவைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில். கோலியனூர் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கிட்டே போய் நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் கிளம்பி வளைகிற இடத்தில் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாளா, பின்னால் வண்டி எதுவும் வருகிறதா என்று பார்த்தாளா, எனக்குத் தெரியாது.

பிறகு உன் போன் வந்தது. கல்லூரி அலுவலகத்துக்குத்தான் பண்ணியிருந்தாய். வகுப்பிலிருந்து ஓடி வந்து எடுத்தேன்.

"அம்மா பூடுச்சிடா. நேத்து சாயங்காலம் எடுத்துட்டோம்."

நேற்று! அந்த ஒரு சொல்லை நான் இருபது வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். அம்மா பெரியாஸ்பத்திரியில் பல நாள் கிடந்திருக்கிறாள். அத்தனை நாளில் உனக்கு ஒரு போன் பண்ணத் தோன்றவில்லை. மூச்சு நின்ற பிறகும் தோன்றவில்லை. எரித்து முடித்த பிறகு தோன்றியது.

"பங்காளிங்க ஒரே புடியா நின்னுட்டாங்கடா. அவன் வந்தா பாடையத் தொட மாட்டோம்னு. நான் இன்னாடா பண்றது?"

நான் கோலியனூருக்கு வந்து சேர்ந்தபோது நீ மொட்டைத் தலையோடு சுடுகாட்டில் நின்றாய். பால் தெளித்து முடித்திருந்தீர்கள். சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது.

அன்றைக்கு உன்னிடம் நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா என்னைக் கேட்டாளா? சின்னவன் எங்கே என்று ஒரு தடவையாவது கேட்டாளா? சுற்றிலும் அந்த ஆட்கள் நின்றார்கள். அவர்கள் நடுவில் கேட்டு, நீ இல்லையென்று சொல்லிவிட்டால் அவர்கள் முகத்தில் ஓடக்கூடிய திருப்தியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு கோபத்தில் கேட்கவில்லை. கோபம் பழகிப்போன பிறகு பயத்தில் கேட்கவில்லை. எங்கே பார்த்தாலும் உன்னைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள்.

ராத்திரி முழுக்க, தண்ணீர் ஓரம், நீயும் நானும் மட்டும் என்று நீயே கூப்பிட்டாய். மீனுக்காகவா வருவேன்?

நமக்கு ஒன்றும் தெரியாது என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. திண்டிவனத்தில் வலையும் கயிறும் விற்கிற கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். இருப்பதிலேயே பெரிய முள்ளாகப் பார்த்து எடுத்து வைத்தாய். கடைக்காரர் உன்னையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க சார் போறீங்க, மரக்காணமா?"

"வீடூர் அணைக்கு."

"அப்ப இது எதுக்கு சார்? இதுல சுறாதான் மாட்டும்."

"மாட்டுனா வேணாம்னா சொல்லப் போறோம்?" என்றாய்.

அவர் சிரித்துக்கொண்டே சின்ன முள்ளும் ஈயக் குண்டும் நைலான் நரம்பும் எடுத்துக் கொடுத்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். உன்னோடு சேர்ந்து சிரிக்க நான் இன்னும் தயாராகவில்லை.

அடுத்த வாரம் கோலியனூரில் உன் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் வீசிப் பழகினோம். அந்த ஊருக்கு நான் வந்ததே எனக்கு அதிசயம். நீ கழியைத் தலைக்கு மேல் சுழற்றி வீசினாய். முள் பின்பக்கமாகப் பறந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அண்ணியின் புடவையில் மாட்டிக்கொண்டது.

"மொத மீனே பெருசா மாட்டிக்கிச்சு!" என்றாய்.

"நல்லா புடிச்சீங்க போங்க. ரெண்டு பேரும் அணையில வுழாம முழுசா வந்து சேர்ந்தா அதுவே போதும்" என்றாள் அண்ணி. என் பக்கம் திரும்பி, "சாப்புட்டுப் போங்க தம்பி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்க்காததுபோல முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

தீனி போடுகிற விஷயத்தை நீ எந்த வீடியோவில் பார்த்தாயோ. புண்ணாக்கை ஊறவைத்து, கேப்பை மாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, குறித்து வைத்த ஒரே இடத்தில் வாரா வாரம் போட வேண்டும். மீன் அந்த இடத்துக்குப் பழகிவிடும். அதன் பிறகுதான் தூண்டில். நான் அவசரப்பட்டேன்.

"இன்னிக்கே ஒரு முள்ளு போட்டுப் பாக்கலாமேண்ணா."

"கூடாதுடா. தீனி போட்ட எடத்துல ஒடனே முள்ளு போட்டா அப்புறம் அந்தப் பக்கமே வராது. பயம் போற வரைக்கும் சும்மா துன்னுட்டுப் போவட்டும்."

கரையில் ஒரு வேலிக்காத்தான் மரம் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருந்தது. அதன் அடியில் நின்று உருண்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டாய். தண்ணீர் விழுங்கிக்கொண்டது. நீ குனிந்து நின்றபோது உன் பின்கழுத்தைப் பார்த்தேன். அப்படியே அம்மாவின் கழுத்து. அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் நீ சொன்னதையே நானும் நினைத்தேன். பயம் போகட்டும்.

அந்தச் சனிக்கிழமைகளில் நான் உன்னோடு நல்லவிதமாக இருந்தேன். விக்கிரவாண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உன் டிவிஎஸ்ஸின் பின்னால் ஏறிக்கொள்வேன். டிப்போ கதைகளைச் சொல்லிக்கொண்டே ஓட்டுவாய். பங்க்சர் ஆன டயரைப் பார்த்து அது எந்த ரூட் பஸ் என்று சொல்வாயாம். நான் கேட்டுக்கொண்டேன். டீ வாங்கித் தந்தேன். பழையதை ஒருநாளும் எடுக்கவில்லை. நீ மீனுக்குத் தீனி போட்டாய், நான் உனக்குப் போட்டேன். இப்போது யோசித்தால், நீயும் எனக்குப் போட்டுக்கொண்டிருந்தாயோ என்னவோ. நம் இருவரில் யார் கையில் முள் இருந்ததென்று இன்றுவரை புரியவில்லை.

ஆனால் ஒன்று புரிந்தது. நீ தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாய். முதலில் டார்ச் லைட் சரியில்லை என்றாய். பிறகு மழை. பிறகு மணி வேண்டும், மணியில்லாமல் ராத்திரியில் எப்படித் தெரியும் என்றாய். மணி வந்தது. தார்ப்பாய் வேண்டும் என்றாய். தார்ப்பாய் வந்தது. நிலா வெளிச்சத்தில் மீன் ஏமாறாது, அமாவாசையாகப் பார்த்துப் போகலாம் என்றாய். ஸ்டெல்லா ஒருநாள் கேட்டாள்: "அவருக்கு மீன் புடிக்கணுமா, இல்ல ஏற்பாடு மட்டும் பண்ணிகினு இருக்கணுமா?"

அந்த அமாவாசையும் வந்தது. கழி, பை, தார்ப்பாய், புளிச்சோற்றுப் பொட்டலம் எல்லாவற்றோடும் பொழுது சாயப் போய்ச் சேர்ந்தோம். நம் மரத்தடியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாளியில் கட்லா துள்ளிக்கொண்டிருந்தது.

"இன்னாப்பா, நல்லா மாட்டுதா?" என்று கேட்டாய்.

"செமையா மாட்டுதுண்ணா. எவனோ ஒரு புண்ணியவான் தீனி போட்டுப் பழக்கி வச்சிருக்கான்."

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அந்தப் புண்ணியவான் நாங்கதான்டா!"

அவர்கள் வெட்கப்பட்டு எழுந்தார்கள். பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். ஒரு மீனை எடுத்து நீட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாம் போட்டது, எவனோ அள்ளுகிறான். என் வாழ்க்கையில் இதையே எத்தனை தடவை பார்ப்பது? உன்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், கொஞ்சம் தள்ளி அந்தப் பாறை ஓரம் உட்காரலாம் என்றேன். மீன் மாட்டாவிட்டால் போகிறது என்று கெஞ்சவே செய்தேன்.

"தீனி போடாத எடத்துல ராத்திரி பூரா கொசுதான்டா நம்மளத் துன்னும். வா, போலாம். வர்ற அமாவாசைக்கு வேற எடம் பாத்துக்கலாம். ஜல்தி வா, உன் கடைசி பஸ்ஸு பூடப் போவுது."

"வந்ததுதான் வந்தோம், தங்கிட்டுப் போலாமேண்ணா."

"எங்க ஓடிப் போவுது அணை?"

அணை எங்கும் ஓடவில்லை. இதோ இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

கொசுவுக்காகவா திரும்பினாய்? முப்பத்தைந்து வருஷம் பஸ் டிப்போவில் கிடந்தவனுக்குக் கொசு ஒரு பொருட்டா? அந்த இருட்டில் என் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும் என்றுதான் திரும்பினாய். நமக்கு வாய்த்தது அந்த ஒரு அமாவாசை. அதை நீ புளிச்சோற்றோடு சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். இதையும் உன் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

பிறகு ஒருநாள் திண்டிவனத்துக்கு என் வீட்டுக்கு வந்தாய். எப்போதும் தெருமுனையில் நின்று போன் பண்ணுகிறவன் அன்றைக்கு வாசல் கேட் வரை வந்தாய். ஸ்டெல்லா வெளியே வந்து, "உள்ள வாங்க மாமா" என்றாள். செருப்பைக் கழற்றுவதற்கு உனக்கு வெகுநேரம் ஆயிற்று. குனிந்தபடியே, "வரேம்மா" என்றாய். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த நிலைப்படியை நீ தாண்டியதில்லை.

அவள் மீன் குழம்பு வைத்திருந்தாள். ரசித்துச் சாப்பிட்டாய்.

"கடையில வாங்குன மீனாம்மா?"

"ஆமா மாமா. நீங்க ரெண்டு பேரும் புடிச்சி எடுத்துகினு வர்றதுக்குள்ள நாங்க பட்டினியா கெடக்கறதா?"

அவள் குத்திக் காட்டியது உனக்குப் புரிந்தது. "வர்ற அமாவாசைக்குப் பாரு. நானே எடுத்துகினு வந்து நிக்கறேன்" என்றாய்.

கை கழுவிவிட்டு வந்தவன் சுவரில் அம்மாவின் படத்தைப் பார்த்து நின்றுவிட்டாய். வேட்டி நுனியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். ஈரம் போன பிறகும் துடைத்தாய்.

"எங்கடா புடிச்ச இந்தப் போட்டோவ?"

"கல்யாண குரூப் போட்டோவுல இருந்து வெட்டி எடுத்துப் பெருசு பண்ணது."

"உன் கல்யாணத்துலயா?"

"உன் கல்யாணத்துல. என் கல்யாணத்துக்கு யாரு வந்தீங்க?"

ஸ்டெல்லா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று நினைத்தேன்.

"அண்ணா, அம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போது..."

"அங்க போயி பேசிக்கலாம்டா." என் முகத்தைப் பார்க்காமல், படத்தைப் பார்த்தே சொன்னாய். "தண்ணியாண்ட குந்திகினு. ராத்திரி பூரா இருக்குது இல்ல?"

அப்படியென்றால் உனக்குத் தெரியும். நான் என்ன கேட்கப் போகிறேன் என்பது முதல் நாளிலிருந்தே தெரியும். அதற்குத்தான் கூப்பிட்டும் இருக்கிறாய். பிறகு வெளியே போய் வண்டியிலிருந்து இந்தப் பையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாய். "உங்காண்டயே இருக்கட்டும். அன்னிக்கு நேரா இங்க வந்துடறேன். இங்கேருந்தே போயிடலாம்." கேட்டருகே நின்று ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்தாய். வண்டியை மிதித்தாய்.

அந்த வாரமே விடியற்காலையில் அண்ணியின் போன்.

"தம்பி, மொதல்ல உங்களுக்குத்தான் பண்றேன். வேற யாருக்கும் இன்னும் சொல்லல. உங்க அண்ணன் எழுந்திரிக்கல."

மொதல்ல உங்களுக்குத்தான். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது உனக்கு இருபது வருஷமாகத் தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது உன் கையில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.

உனக்குப் பிள்ளை இல்லை. பகலுக்கு மேல் நம் சித்தப்பா என்னிடம் வந்து தோளில் கை போட்டார். அம்மாவின் பாடையைத் தொட மாட்டேன் என்று முன்னால் நின்றவர் அவர்தான்.

"பழச மனசுல வச்சிக்காதடா. நீதான் கொள்ளி வைக்கணும்."

"நான் வந்தா தொட மாட்டோம்னு நின்னது நீங்கதான சித்தப்பா?"

"அது அப்ப. இப்ப யாருடா அதெல்லாம் பாக்கறா?"

அது அப்ப. என் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாமல் செய்ததற்கு அவரிடம் இருந்த விளக்கம் அவ்வளவுதான். அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் சட்டையைக் கழற்றினேன், தலை மழித்துக்கொண்டேன், பானையைத் தூக்கி உன்னைச் சுற்றி வந்தேன். அம்மாவுக்கு வைக்க விடாத கொள்ளியை உனக்கு வைத்தேன். வைக்கும்போது அழவில்லை. எல்லாரும் என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்திருப்பார்கள். உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இருந்த ஒரே ஒரு பதிலையும் சேர்த்து என் கையாலேயே கொளுத்த வைத்துவிட்டாய்.

கருமாதி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அண்ணியிடம் கேட்டேன். கேட்டேவிட்டேன். இருபது வருஷமாக வராத வார்த்தை, உன்னிடம் வராத வார்த்தை, அவளிடம் எவ்வளவு எளிதாக வந்தது!

"எனக்குத் தெரியாது தம்பி. அந்த வார்டுல கூட ஒருத்தரைத்தான் உடுவாங்க. அவருதான் இருந்தாரு. நான் கஞ்சி குடுத்துட்டுக் கீழயே நின்னுட்டு வந்துடுவேன். மேல இன்னா நடந்துச்சுன்னு அவரு ஒருநாளும் வாயத் தொறக்கல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"உங்களோட அணைக்குப் போறதுன்னு ஆரம்பிச்சதுல இருந்து ராத்திரில எழுந்து குந்திகினு பொலம்புவாரு. 'அவன்கிட்ட எப்படிச் சொல்றது, எப்படிச் சொல்றது'ன்னு. இன்னாத்தச் சொல்லணும்னு கேட்டா, 'நீ படு'ம்பாரு."

எப்படிச் சொல்றது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, அண்ணா?

அம்மா கேட்டிருக்கலாம். சின்னவனைக் கூப்பிடு, ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நீ பங்காளிகளுக்குப் பயந்து, இதோ வந்துகினு இருக்கான் என்று பொய் சொல்லி, அவள் வாசலைப் பார்த்தபடியே போயிருக்கலாம். அப்படியென்றால் அதை எப்படிச் சொல்வாய்? சொல்ல முடியாதுதான்.

அல்லது, கேட்காமல் இருந்திருக்கலாம். நீயே, சின்னவனுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டு, அவள் வேண்டாம் என்று தலையைத் திருப்பியிருக்கலாம், பஸ்ஸில் திருப்பிக்கொண்டதுபோல. அதையும் சொல்ல முடியாது. அப்படியென்றால் இருபது வருஷம் என் வெறுப்பை வாங்கிக்கொண்டு நீ எனக்கு ஒரு அம்மாவை மிச்சம் வைத்திருக்கிறாய்.

முதல் வகையில் நீ பாவி. இரண்டாம் வகையில் நான் அநாதை. ராத்திரிகளில் புரண்டு படுத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். நீ பாவியாகவே இருந்துவிட்டுப் போ. செத்தவனுக்கு அது பாரமில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு, கடைசி நேரத்தில் தன்னைத் தேடிய ஒரு அம்மா வேண்டும். நான் உன்னை மன்னிக்காமல் இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். மன்னித்தால் அவளை இழந்துவிடுவேன்.

வாளியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். புண்ணாக்கு ஊறிவிட்டது. ஸ்டெல்லா கேப்பை மாவை அளந்து வைத்திருக்கிறாள், வெல்லம் தட்டிக்கொண்டிருக்கிறாள். போன மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் நானே போய்த் தீனி போட்டுவிட்டு வருகிறேன். மரத்தடியில் இல்லை. மரத்தடி பறிபோன பிறகு நாம் இருவரும் சேர்ந்து பார்த்து வைத்த இரண்டாவது இடத்தில், மதகுக்கு அந்தப் பக்கம். நீ சொன்னபடியே இதுவரை முள் போடவில்லை.

"யாரு கூடப் போறீங்க?" என்று கேட்டாள்.

"தனியாதான்."

"இந்த வயசுல ராத்திரி தண்ணி ஓரம் தனியாவா? பயமா இல்ல?"

சின்ன வயசில் நீயும் நானும் கெஞ்சும்போதெல்லாம் அம்மா சொல்வாளே, "ராத்திரில தண்ணிக்குக் கண்ணு தெரியாதுடா, புள்ளைங்களா, யாரு எவருன்னு பாக்காது" என்று. அதை ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. போர்வையை மட்டும் எடுத்து வைக்கச் சொன்னேன்.

பையில் எல்லாம் இரண்டிரண்டாக இருக்கிறது. கழி இரண்டு, நரம்புக் கண்டு இரண்டு, உட்கார இரண்டு சாக்கு. உன் வேலை எப்போதும் இப்படித்தான், ஏற்பாட்டில் குறையே இருக்காது. எல்லாவற்றையும் தட்டித் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்தேன். ஒன்றையும் குறைக்கவில்லை. இரண்டு கழியையும் நடப் போகிறேன்.

மணிகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ போட்ட முடிச்சு. டிப்போவில் டயர்களைக் கட்டித் தூக்கியவன் கை போட்டது, நகத்துக்கு மசியவில்லை. கடைசியில் பல்லால் கடித்து ஒன்றை அவிழ்த்தேன். துணியை எடுத்ததும் சின்னதாக அடித்தது. அது என் கழிக்கு.

உன்னுடையதை அவிழ்க்கவில்லை. அது அப்படியே உன் கழியின் நுனியில் இருக்கும், மீன் இழுத்தாலும் அடிக்காது. விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.